முதல் மாமனிடம் போனவள்

லாரிக்காரனோடு ஓடிப்போனாளாம்! எந்த லாரி, எவன் ஓட்டினான், எந்தத் திசையில் போனது? குழாயடியில் வாளியை வைத்துவிட்டு வாய் வலிக்கப் பேசுகிறவர்களில் ஒருத்தியாவது அந்த லாரியின் நிறத்தைச் சொல்லட்டும், பார்க்கலாம். எனெலெசி போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது. அந்த லாரி மட்டும் ஒவ்வொரு வாரமும் ஒரு முழம் நீண்டுகொண்டே போகிறது.

இன்னொரு பேச்சும் உலவுகிறது. அது இதைவிடக் கேடுகெட்டது. அண்ணன் லெவிசனைப் பிடித்துக் கொடுத்ததே எனெலெசிதானாம். கட்சிக் கூட்டத்துப் பெண்கள் ஆட்டத்தில் முன்வரிசை கிடைக்க வேண்டும் என்று கூடப்பிறந்தவனை விற்றாளாம், பிறகு பழி தாங்காமல் ஊரைவிட்டுப் போனாளாம். இதைச் சொல்கிற நாக்குக்குக் கூச்சம் இல்லை. முன்வரிசை எனெலெசிக்கு யாரும் போட்ட பிச்சையா? வெள்ளைக்காரன் கொடி இறங்கிய நாளில் பதினாறு வயதுப் பெண்ணாக நின்று பாட்டெடுத்தவள் அவள். அன்று முதல் இந்த நம்பெரா கிராமத்தில் அவள் பாட, மற்றவர்கள் திருப்பிப் பாடுவதுதான் வழக்கம். இருபது வருஷமாக முன்னால் நின்றவளுக்கு முன்னால் நிற்க அண்ணனை எதற்கு விற்க வேண்டும்? ஆற்றோரம் குடியிருக்கிறவன் தண்ணீருக்குத் திருடுவானா?

அவள் இருந்த வீடு அவள் அம்மாவின் வீடு, அதற்கு முன் அம்மாவைப் பெற்றவளின் வீடு. வாசலில் நின்றால் முலாஞ்சே மலை முழுதாகத் தெரியும். நம் பக்கத்தில் நிலமும் வீடும் பெண்ணுடையவை. கல்யாணம் ஆனால் ஆண்தான் பெண் வீட்டுக்கு வருகிறான், ஒத்துவராவிட்டால் ஆண்தான் கிளம்புகிறான். பெண்ணுக்குக் காவல் அவளுடைய அண்ணன். பிள்ளைகளுக்கு அப்பனைவிடப் பெரியவன் தாய்மாமன். கல்யாணம் பேசுகிறவன் அவன், முறிக்கிறவனும் அவன். காய்ச்சல் என்றால் முதலில் ஓடிவருகிறவனும் அவனே.

லெவிசன் அப்படிப்பட்ட அண்ணன். ஓடைக்கு அந்தப் பக்கம் தன் மனைவியின் ஊரில் இருந்தான், தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. ஞாயிறு தவறாமல் தங்கை வீட்டுக்கு வந்துவிடுவான். துவரங்காய் உரித்துக்கொண்டே ஊரில் உள்ளவர்களை எல்லாம் கிண்டலடிப்பான். வாய் சும்மா இருக்காது, கையும் சும்மா இருக்காது. உடைந்த உலக்கை, சாய்ந்த தானியக் குதிர், ஆட்டுக் கொட்டில் எல்லாம் அவன் கை பட்டுத்தான் நேராகும்.

எனெலெசியின் கணவன் பெத்துவேல் இதையெல்லாம் பதினெட்டு வருஷம் பார்த்துக்கொண்டிருந்தான். சோம்பேறி என்று அவனைச் சொல்ல முடியாது. அவன் வெட்டிய சோளக்காடு சுத்தமாக இருக்கும். ஆனால் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவனுக்குள் ஒரு புகைச்சல் இருந்தது. பிள்ளைகள் எதற்கெடுத்தாலும், "மாமாகிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்ப்பா" என்பார்கள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு முற்றத்துக்குப் போய்விடுவான். அந்தப் புகைச்சல் நம் ஊரில் பாதி ஆண்களுக்கு உண்டு. அதற்காக எல்லோரும் பெத்துவேல் செய்ததைச் செய்தார்களா?

நாட்டுத் தலைவரைப் பற்றியும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். எனெலெசி அவரை நம்பினாள். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தார், வெள்ளைக்காரனை அனுப்பினார். சோளம் விதையுங்கள், குழாய்க்குப் பள்ளம் தோண்டுங்கள் என்றார்கள் அவருடைய ஆட்கள். மலையிலிருந்து இந்தச் சமவெளி வரை பெண்கள்தான் தோண்டினார்கள். கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு எனெலெசி தோண்டினாள், தோண்டிக்கொண்டே பாட்டும் எடுத்தாள். முதல் நாள் தண்ணீர் வந்தபோது குழாயில் வாயை வைத்துக் குடித்துவிட்டு, மூக்கில் ஏறி இருமிச் சிரித்தாள். நல்லது நடந்தது என்றால் நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அதோடு நின்றிருக்கலாம். நின்றதா? முதலில் நாட்டுக்கு ஒரே கட்சி என்றானது. பிறகு சாகும்வரை ஒரே தலைவர் என்றானது. ஒற்றுமை, விசுவாசம், கீழ்ப்படிதல், ஒழுங்கு என்று அரசாங்கத்துக்கு நான்கு தூண் நட்டார்கள். பேச்சுக்கு மட்டும் ஒரு தூண்கூட இல்லை. கட்சி அட்டையைக் காட்டாமல் சந்தைக்குள் நுழைய முடியாது, பஸ்ஸில் ஏற முடியாது. இவற்றை எல்லாம் பெண்கள் பொறுத்துக்கொண்டார்கள். கடைசியில் கட்சிக்காரர்கள் நம் வீட்டு உறவிலேயே கை வைத்தார்கள். இந்த நாட்டுப் பெண்கள் அத்தனை பேருக்கும் தலைவரே முதல் மாமன் என்று பட்டம் கட்டினார்கள். பெண்கள் கைதட்டினார்கள். எனெலெசியும் தட்டினாள். மாமன் என்ற சொல்லுக்கு நம்மிடம் அவ்வளவு மதிப்பு.

எந்த மாமன் தன் முகத்தைத் துணியில் அச்சடித்து மருமகள் இடுப்பில் கட்டச் சொல்வான்? கட்டிய பிறகு உட்காரவும் பயம். முகம் அடியில் போய்விடாமல் துணியைத் திருப்பித் திருப்பி விட்டுக்கொண்டு, கோழி அடைகாக்க இடம் பார்ப்பதுபோல் பெண்கள் உட்கார்ந்தார்கள். மாமன் வந்தால் மருமகளுக்கு நிழல் வரும் என்பார்கள். இந்த மாமன் வருகிறார் என்றால் விடியற்காலையிலிருந்து வெயிலில் நிற்க வேண்டும், ஆட வேண்டும். பால்குடி மறக்காத பிள்ளை வீட்டில் கத்தினாலும் சரி.

இந்தச் சமயத்தில்தான் எனெலெசியின் மகள் தமந்தாவைப் பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளையின் மாமன் கசெம்பே ஒல்லியான மனிதர், தன் நிழலைப் பார்த்தே தொண்டையைச் செருமுகிறவர். மாப்பிள்ளை வீட்டுச் சேவலைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பெண்ணின் மாமன் அந்தச் சேவலை வாங்கிக்கொண்டால் பேச்சு முடிந்ததாக அர்த்தம். வீட்டுக்குள் இருந்தவர்கள் ஆறே பேர். கசெம்பே, அவர் தம்பி, லெவிசன், பெத்துவேல், எனெலெசி, அடுப்பு மூலையில் தலையைக் குனிந்துகொண்டு தமந்தா.

கசெம்பே செருமிவிட்டு ஆரம்பித்தார். "பேச்சை எடுக்கிறதுக்கு முன்னாடி, நம்ம வீட்டுப் பொண்ணுங்க எல்லாருக்கும் முதல் மாமனா இருக்கிற நம்ம தலைவருக்கு..."

"வணக்கம் சொல்லிட்டீங்களா? நல்லது" என்றான் லெவிசன். "இப்ப அந்தச் சேவலை இப்படிக் குடுங்க. இந்தப் பொண்ணுக்கு மாமன் நான்தான். நாட்டுல இருக்கிற கல்யாணச் சேவல் அத்தனையும் அவரே தின்னா, பாவம், வயசான காலத்துல பெரியவர் வயிறு என்னத்துக்கு ஆகும்?"

கசெம்பே சிரிக்கலாமா வேண்டாமா என்று கதவைப் பார்த்தார். தமந்தா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அண்ணே, உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்" என்றாள் எனெலெசி.

"வாங்கு. சாவியை மச்சான்கிட்ட குடுத்துடாத, தொலைச்சுடுவான்."

எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தவன் பெத்துவேல்தான். தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தான். மச்சானும் மச்சானும் கிண்டல் பேசுவது நம் வழக்கம். அந்தப் பேச்சு அந்த வீட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்பதும் நம் வழக்கம்.

மூன்றாம் நாள் பட்டப்பகலில் லெவிசன் தங்கையின் சமையல் குடிசைக் கூரைமேல் உட்கார்ந்து புது வைக்கோல் வேய்ந்துகொண்டிருந்தான். சிவப்புச் சட்டை போட்ட கட்சி ஆட்கள் நான்கு பேர் முற்றத்துக்கு வந்தார்கள்.

"இறங்குடா கீழ."

"பாதிதான் ஆயிருக்கு. இந்தப் பக்கத்தை முடிச்சுட்டு வர்றேன், அண்ணனுங்களா."

"நாங்க கூட்டிட்டுப் போற எடத்துல கூரை எல்லாம் ஒழுங்கா இருக்கு. இறங்கு."

அவன் இறங்கினான். கையில் ஒட்டியிருந்த வைக்கோலைத் தட்டிவிட்டு, "எனெலெசி, மழைக்கு முன்னாடி வந்துடறேன்" என்றான். அவ்வளவுதான். பெத்துவேல் அன்று காட்டுக்குப் போயிருந்தான். களையே இல்லாத காட்டில் என்ன வேலையோ.

பன்னிரண்டு நாள் எனெலெசி காவல் நிலையத்துக்கு நடந்தாள். களியும் கருவாட்டுக் குழம்பும் மூடி எடுத்துப் போவாள். "அப்படி ஒரு ஆளே இங்க இல்லைம்மா" என்பார்கள். ஆனால் சோற்றுப் பாத்திரத்தை மட்டும் உள்ளே வாங்கிக்கொள்வார்கள். சாயங்காலம் காலியாகத் திருப்பித் தருவார்கள். பதினொன்றாம் நாள் அவள் கேட்டாள்: "இல்லாதவனுக்குக் கொண்டுவந்ததைத் தின்னது யாரு?" பன்னிரண்டாம் நாள் பாத்திரத்தையும் வாங்கவில்லை. எங்கேயோ அனுப்பிவிட்டார்கள் என்று வாசலில் வேர்க்கடலை விற்கிற பெண் கண்ணால் ஜாடை காட்டினாள்.

தமந்தாவின் கல்யாணம் அப்படியே நின்றது. மாமன் இல்லாமல் எந்தப் பெண்ணை அனுப்ப முடியும்? கசெம்பே அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. ஊரும் ஒதுங்கியது. எனெலெசி குழாயடிக்குப் போனால் வாளிகள் இரண்டடி தள்ளிப் போயின. அவள் தோண்டிய பள்ளத்தில் வந்த தண்ணீர்!

ஒரே மாதம். பெத்துவேல் ஊர்க் கட்சிக் கிளைக்குத் தலைவன் ஆனான். எனெலெசி வீட்டு வாசலில் கட்சிக் கொடி நட்டார்கள். அவன் புதுத் துணி ஒன்றைக் கொண்டுவந்து கட்டிலில் போட்டான். முகம் அச்சடித்தது, மடிப்புக் கலையாதது.

"இது எப்படி வந்துச்சு?"

"கட்சி குடுத்துச்சு. பெரிய கூட்டம் வருதில்ல? பாட்டெடுக்கிறவ கந்தலைக் கட்டிட்டு நிப்பியா?"

"எங்க அண்ணனைப் பத்திக் கேட்டீங்களா?"

"கேட்டுட்டுத்தான் இருக்கேன். அவசரப்படாத."

அவள் நம்பினாள். கட்டியவனை நம்பாமல் இருக்க அவளுக்கு இன்னும் காரணம் கிடைக்கவில்லை. துணியைக் கட்டிக்கொண்டு அவள் கூட்டத்துக்குப் போனதைத்தான் இன்று பழி என்று பேசுகிறார்கள். அண்ணன் சிறையில், இவள் ஆட்டத்தில் என்று. ஏன் போனாள் என்று யாராவது கேட்டார்களா?

நம்மிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணுக்கு மனக்குறை இருந்தால் நேரே சொல்ல மாட்டாள். மாமன் காதில் விழும்படி மாவு இடிக்கும்போது பாட்டில் சொல்வாள். பாட்டில் சொன்னதற்குத் தண்டனை கிடையாது. கேட்ட மாமன் பதில் சொல்லியே ஆக வேண்டும், சொல்லாதவன் மாமனே இல்லை. எனெலெசி இதைத்தான் பிடித்துக்கொண்டாள். தலைவர் மாமன் என்றால் மாமனாக நடந்துகொள்ளட்டும், பாட்டில் கேட்கிறேன், அண்ணனைத் திருப்பித் தரட்டும். பைத்தியக்காரத்தனம் என்று சொல்லுங்கள். மாமன் என்று பட்டம் கட்டிவிட்டவர்கள் பைத்தியம் இல்லையாம், அந்தச் சொல்லை மெய்யென்று எடுத்துக்கொண்டவள் மட்டும் பைத்தியமாம்!

கூட்டத் திடலுக்கு முந்நூறு பெண்களை லாரிகளில் ஏற்றிப் போனார்கள். விடிந்ததிலிருந்து உச்சிவெயில் வரை நிற்க வைத்தார்கள். பிறகு, தலைவர் வரவில்லை என்று செய்தி வந்தது. மேடையில் ஒரு நாற்காலி போட்டு, அதில் அவருடைய படத்தைச் சாய்த்து வைத்தார்கள். "படத்தைப் பார்த்து ஆடுங்க, அவரே இருக்கிற மாதிரி நெனச்சுக்கங்க" என்றாள் மகளிர் கிளைத் தலைவி நங்கோசோ.

எனெலெசி ஒரு நொடி நாற்காலியைப் பார்த்தாள். பிறகு பாட்டெடுத்தாள். முதல் இரண்டு அடி எப்போதும் பாடும் வாழ்த்து. மூன்றாவது அடியில் மெட்டை மாற்றாமல் சொல்லை மாற்றினாள்.

"மாமா, என் வீட்டுக் கூரை பாதி,
ஏறினவன் எங்கே மாமா,
இறக்கினவன் யாரு மாமா,
மழைக்கு முன்னே அனுப்பு மாமா."

முன்னால் பாடுகிறவள் எதைப் பாடினாலும் பின்னால் நிற்பவர்கள் அதைத் திருப்பிப் பாடிப் பழக்கம். முந்நூறு பெண்களின் வாயும் யோசிக்கும் முன்னே திறந்துவிட்டது. "ஏறினவன் எங்கே மாமா? இறக்கினவன் யாரு மாமா?" திடலின் அந்தக் கோடிவரை கேட்டது. மேடையில் இருந்த ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நங்கோசோ மேளக்காரர்களைப் பார்த்துக் கையை வீசினாள். மேளத்தை அடித்தார்கள் பாருங்கள், தோல் கிழிகிற மாதிரி. எனெலெசி வாய் அசைந்துகொண்டே இருந்தது, ஒரு சொல்கூடக் கேட்கவில்லை.

திரும்பும்போது லாரியில் ஏறியவுடன் நங்கோசோ அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"உனக்கு மூளை கலங்கிடுச்சாடி? உன் புருஷன் மொகத்துக்காக இன்னைக்கு விடறேன்."

"அவரு மொகத்துல அப்படி என்ன இருக்கு, அக்கா?"

"என்ன இருக்கா? நாட்டுக்காகச் சொந்த மச்சானையே வந்து எழுதிக் குடுத்த ஆம்பளடி அவரு! சேவல் பேச்சு எங்களுக்கு எப்படித் தெரியும்னு நெனச்ச? அவரைப் பார்த்துக் கத்துக்க."

லாரியில் முப்பது பெண்கள் இருந்தார்கள். அத்தனை பேர் காதிலும் விழுந்தது. எனெலெசி பக்கவாட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வீடு வரும்வரை அதை விடவில்லை. இன்று குழாயடியில் அண்ணனை விற்றாள் என்று அவள்மேல் பழி போடுகிறவர்களில் பாதிப் பேர் அந்த லாரியில் இருந்தவர்கள்! உண்மை தெரிந்தவர்கள்! பெத்துவேல் பெயரைச் சொன்னால் சிவப்புச் சட்டை வரும். எனெலெசி பெயரைச் சொன்னால் யார் வரப்போகிறார்கள்? அதுதான் விஷயம். பயத்துக்கு ஒரு ஆள் வேண்டும், ஊரில் இல்லாதவள் தலையில் கட்டிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தாள். பெத்துவேலின் மண்வெட்டியை எடுத்து வாசலில் வைத்தாள். பாயைச் சுருட்டி அதன்மேல் வைத்தாள். அவனுடைய தட்டு, அவனுடைய சட்டைகள் இரண்டு. நம் ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை. கிளம்பு என்று அர்த்தம்.

பெத்துவேல் வந்து பார்த்தான். முகம் ஒருமுறை வெளுத்தது. பிறகு கொடியைப் பார்த்தான், தெம்பு வந்துவிட்டது. கட்சிக் கூட்டாளிகள் இருவரையும் ஊர்ப் பெரியவரையும் கூட்டிவந்து முற்றத்தில் உட்கார வைத்தான்.

"கல்யாணத்தை முறிக்கணுமாம் இவளுக்கு. நல்லா முறிக்கட்டும். முறைப்படி ரெண்டு பக்கத்து மாமனும், இல்லாட்டி அண்ணனும் உக்காரணும். எங்க மாமன் கூப்பிட்டா வந்துடுவாரு. உன் பக்கத்து ஆளைக் கூப்பிடு, எனெலெசி."

"கூப்பிட முடியாத எடத்துல வெச்சுட்டு என்னைக் கூப்பிடச் சொல்றியா?" இத்தனை வருஷத்தில் அவனை அவள் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. "பெரியவரே, நீங்க சொல்லுங்க. இது யாரு வீடு?"

ஊர்ப் பெரியவர் தரையில் குச்சியால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். "உங்க அம்மா வீடுதான் தாயி. ஆனா கொடி பறக்கிற வீட்டுல நான் எப்படித் தீர்ப்புச் சொல்றது? இது இப்ப கிளை ஆபீசு."

"எங்க அம்மாவைப் பொதைச்சப்ப எங்க இருந்துச்சு இந்தக் கொடி?"

அவர் கோட்டை அழித்துவிட்டு இன்னொரு கோடு போட்டார்.

பெத்துவேல் சிரித்தான். "அண்ணன் இல்லாட்டி என்ன இப்ப? பொண்ணுங்க எல்லாருக்கும் முதல் மாமன் இருக்காருல்ல! நேரா அவர்கிட்டயே போ. போய்ச் சொல்லு, 'மாமா, என் புருஷன் எனக்கு வேணாம், வந்து முறிச்சுவிடு'ன்னு." கூட்டாளிகள் இருவரும் முதுகில் தட்டிக்கொண்டு சிரித்தார்கள். அன்று சாயங்காலம் மண்வெட்டியும் பாயும் திரும்ப உள்ளே போயின. அவனே எடுத்துப் போனான்.

அதன்பிறகு மூன்று நாள் எனெலெசி சமைத்தாள், பெருக்கினாள், அவனிடம் பேசவில்லை. தமந்தாவையும் சின்னப் பிள்ளைகளையும் கூட்டிப்போய் மலையடியில் இருக்கிற தன் சின்னம்மா வீட்டில் விட்டாள். "உன் மாமன் வந்துதான் உன்னை அனுப்புவான். வேற எவனுக்கும் அந்த வேலை இல்ல" என்று தமந்தாவிடம் சொல்லிவிட்டு வந்தாள். சோளம் இடித்து மாவை ஒரு பையில் கட்டினாள். பஸ்ஸுக்குக் கட்சி அட்டை வேண்டும், அட்டை பெத்துவேலிடம். கேட்கவில்லை. தலைநகரம் எத்தனை நாள் நடை என்று அந்தப் பக்கம் புகையிலைக் காட்டில் வேலை பார்த்துவந்த கிழவனிடம் விசாரித்தாள். அவன் விரல் விட்டு எண்ணினான், இரண்டு கையும் போதவில்லை.

நான்காம் நாள் காலை களிக்கு உலை வைக்கவில்லை. புதுத் துணியை அவிழ்த்துக் கட்டிலில் போட்டுவிட்டு, பழைய நீலத் துணியைக் கட்டிக்கொண்டாள். மாவுப் பையைத் தலையில் வைத்தாள். பெத்துவேல் அப்போதுதான் பல் தேய்த்துக்கொண்டு பின்பக்கத்திலிருந்து வந்தான்.

"எங்கடி கிளம்பிட்ட?"

"நீ சொன்ன எடத்துக்குத்தான். முதல் மாமன்கிட்ட."

அவன் வாயைத் துடைத்தான். "என்ன உளர்ற?"

"அண்ணனைக் குடுன்னு கேக்கப் போறேன். குடுத்தா கூட்டிட்டு வருவேன், அவன் உக்காந்து உன்னை அனுப்புவான். குடுக்கலைன்னா, இனிமே எந்தப் பொண்ணுக்கும் மாமன்னு சொல்லிக்காதீங்கன்னு அவரு வாசல்ல நின்னு சொல்லிட்டு வருவேன்."

"வாசல் வரைக்கும் காவல்காரன் விடுவானா உன்னை? துப்பாக்கி வெச்சிருக்கான்டி! என் பேரு கெட்டுடும், கிளையே கெட்டுடும்! நான் வெளையாட்டுக்குச் சொன்னேன்டி, எனெலெசி!"

"எங்க அண்ணனும் வெளையாட்டுக்குத்தான் சொன்னான்."

அவன் வழியை மறிப்பதுபோல் ஓரடி வைத்தான். அவள் நிற்கவில்லை. தலையில் சுமையோடு வருகிறவளுக்கு வழிவிட்டுப் பழகியவன், தானாகவே ஒதுங்கிவிட்டான். ஒதுங்கியபிறகுதான் அவனுக்கே தெரிந்தது. அந்த ஆத்திரத்தில் முதுகுக்குப் பின்னால் கத்தினான்.

"போறவ கதவைச் சாத்திட்டாவது போ! ஆடு உள்ள வந்துடும்!"

"வரட்டும்" என்று சொல்லிவிட்டு எனெலெசி வாசலைத் தாண்டினாள்.